சிவப்பு மையிலிருந்து தொடங்கலாம்: லீவு நாட்களில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான ஆங்கிலம்

மே நடுவில் மூடும் தில்லிப் பள்ளிகள் ஜூலையில்தான் திறக்கின்றன. ஊருக்குப் போய்வரும் இரண்டு வாரத்தைக் கழித்தால் கையில் நிற்பது 30 நாள். ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி, மயூர் விஹார் என்று தமிழ்க் குடும்பங்கள் உள்ள இடங்களில் இந்த 30 நாளுக்குப் பெரும்பாலும் ஒரே ஏற்பாடுதான். தடிமனான கிராமர் ஒர்க்புக் ஒன்றை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து போடச் சொல்வார்கள். முதல் பக்கத்தில் நவுன் வகைகள் இருக்கும். அது பிள்ளைக்கு நான்காம் வகுப்பிலேயே தெரியும். தெரிந்ததையே பத்து நாள் எழுதிவிட்டு, உண்மையில் தடுமாறும் ரிப்போர்ட்டட் ஸ்பீச் (அயற்கூற்று) பக்கத்தை எட்டுவதற்குள் லீவு முடிந்துவிடும்.

தொடங்க வேண்டிய இடம் போன வருடத்து நோட்டு. அதிலும் இங்கிலீஷ் நோட்டை மட்டும் எடுத்தால் ஏமாந்துபோவோம்; அதில் இருக்கும் விடைகள் பெரும்பாலும் போர்டைப் பார்த்து எழுதியவை. பிள்ளையின் சொந்த ஆங்கிலம் சயின்ஸ் பரீட்சைத் தாளிலும் சோஷியல் நோட்டிலும்தான் கிடக்கும். சயின்ஸ் டீச்சர் விஷயம் சரியா என்று பார்த்து மார்க் போட்டிருப்பார், வாக்கியத்தைத் தொட்டிருக்க மாட்டார். அங்கிருந்து பிள்ளை தானாக எழுதிய 30 வாக்கியங்களைத் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால், கடைசியாகப் போன ரயில் பயணத்தைப் பற்றி 150 சொல்லில் எழுதச் சொல்லி 20 நிமிடம் கொடுங்கள். பக்கத்தில் உட்காராதீர்கள், ஸ்பெல்லிங் சொல்லாதீர்கள்.

பிறகு ஒரு அன்ரூல்ட் தாளை அகலவாக்கில் வைத்து, மேலிருந்து கீழாகக் கோடு போட்டு நான்கு பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் பிள்ளை எழுதிய வாக்கியம், அடுத்ததில் திருத்தம், மூன்றாவதில் அதையே பிள்ளை வீட்டில் தமிழில் எப்படிச் சொல்லும் என்பது, நான்காவதில் விளையாடும் இடத்தில் இந்தியில் எப்படிச் சொல்லும் என்பது. கடைசி இரண்டு பத்திதான் இந்த வேலையின் உயிர். ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். முடிந்த பிறகு தாளைப் பார்த்தால், நாற்பது விதமாகத் தெரிந்த தவறுகள் நான்கைந்து குடும்பமாகச் சுருங்கி நிற்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் பின்னால் ஒரு தமிழ் வாக்கியமோ இந்தி வாக்கியமோ இருக்கும். பிள்ளை கவனமில்லாமல் எழுதவில்லை. தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மொழியின் ஒழுங்கை ஆங்கிலத்துக்குள் கொண்டுவருகிறது. அதைத் திட்டித் திருத்த முடியாது. அந்த ஒழுங்கையே எடுத்துக்காட்டித் திருப்பிவிடலாம்.

முதலில் வினைச்சொல். 'டிட் யூ வென்ட்', 'ஷி டஸ் நாட் கோஸ்', 'ஐ நாட் வென்ட்' ஆகிய மூன்றும் ஒரே குடும்பம். தமிழில் 'போனாயா' என்று கேட்கும்போது இறந்தகாலம் வினைக்குள்ளேயே இருக்கிறது, கேள்விக்கு ஒரு 'ஆ' மட்டும் கடைசியில் ஒட்டுகிறது. ஆங்கிலத்தில் கேள்வி கேட்டவுடன் 'டூ' முன்னால் வருகிறது. காலத்தை அது வாங்கிக்கொண்டு 'டிட்' ஆகிறது. வினை வெறுங்கையோடு 'கோ' என்று நிற்க வேண்டும். இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டிப் புரியவைப்பது எளிது. 'ஷி', 'டூ', 'கோ' என்று மூன்று சீட்டு எழுதுங்கள். ஒரு புளியங்கொட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், காலத்தைக் காட்டும் ஒட்டுக்கு அது அடையாளம். 'ஷி கோஸ்' என்னும்போது கொட்டை 'கோ' சீட்டின் மேல் இருக்கும். கேள்வியாக்கும்போது 'டூ' சீட்டை முன்னால் வைத்து, கொட்டையைக் 'கோ'விலிருந்து எடுத்து 'டூ' மேல் வைக்க வேண்டும். 'டஸ் ஷி கோ'. கொட்டை ஒன்றுதான், இரண்டு சீட்டில் ஒரே நேரத்தில் வைக்க முடியாது. இறந்தகாலத்துக்கும் இதே கொட்டைதான். 20 வாக்கியம் கையால் நகர்த்திய பிறகு, எழுதும்போது பிள்ளையின் விரல் தானாக மேசையில் நகர்வதைப் பார்க்கலாம்.

எதிர்மறையில் இன்னொரு சிக்கல். 'போகல' என்ற ஒற்றைச் சொல் தமிழில் எல்லாருக்கும் பொருந்தும்: நான் போகல, அவ போகல, அவங்க போகல. காலமும் அதில் தனியாகத் தெரியாது. 'நேத்து போகல' என்றால் 'டிட்ன்ட் கோ', 'இன்னும் போகல' என்றால் 'ஹேவ்ன்ட் கான்', 'இப்போ நான் போகல, நீ போ' என்றால் 'ஆம் நாட் கோயிங்'. வேறுபாட்டைச் சொல்வது வினை இல்லை, அதற்கு முன்னால் நிற்கும் நேத்து, இன்னும், இப்போ. ஆகவே எதிர்மறை வாக்கியம் எழுதுமுன் 'எப்போ?' என்று பிள்ளை தன்னைத்தானே கேட்டுப் பழக வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு வாக்கியம், ஐந்து நாள் போதும்.

அடுத்தது தில்லிப் பிள்ளைகளிடம் காணும் ஒரு தவறு. 'வி ஆர் லிவிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்'. நான்கு பத்தித் தாளில் இதை எழுதிப் பார்த்தால் குற்றவாளி இந்தி என்று உடனே தெரிந்துவிடும். இந்தியில் 'தீன் சால் சே' என்றாலும் '2022 சே' என்றாலும் ஒரே 'சே'தான். தமிழ் அப்படி இல்லை. 'மூணு வருஷமா இருக்கோம்' என்போம், '2022லேருந்து இருக்கோம்' என்போம். 'ஆ' என்று முடிந்தால் ஃபார், 'லேருந்து' என்று முடிந்தால் சின்ஸ். இரண்டு மணி நேரமா, ஒரு வாரமா, ரொம்ப நாளா: எல்லாம் ஃபார். காலையிலேருந்து, சின்ன வயசுலேருந்து, போன தீபாவளியிலேருந்து: எல்லாம் சின்ஸ். கிராமர் புத்தகத்தின் பீரியட் ஆஃப் டைம், பாயிண்ட் ஆஃப் டைம் விளக்கத்தை மூன்று முறை படித்தும் குழம்பும் பிள்ளை இதை ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்திப் பழக்கத்தில் பிள்ளை 'மூணு வருஷத்துலேருந்து' என்று தமிழையே மாற்றிப் பேசத் தொடங்கியிருந்தால் முதலில் தமிழைச் சரிசெய்ய வேண்டும். அந்த வாக்கியத்தின் மற்றப் பாதிக்குத் தமிழ் உதவாது. நாம் 'இருக்கோம்' என்று நிகழ்காலத்தில் சொல்வதால் 'ஆர் லிவிங்' வந்துவிடுகிறது. அங்கே 'ஹேவ் பீன் லிவிங்' என்பதைத் தனியாகப் பழக்கத்தான் வேண்டும்.

ஏழிலும் எட்டிலும் அதிகம் மார்க் போகும் இடங்களில் ரிப்போர்ட்டட் ஸ்பீச் ஒன்று. இதற்கு மூன்று நாளாவது ஒதுக்குங்கள். 'அவன், நான் நாளைக்கு வரேன்னு சொன்னான்' என்பது நாம் பேசும் முறை. 'னு' என்ற ஒட்டு, அடுத்தவர் சொன்னதைச் சொன்னபடியே உள்ளே வைத்துக்கொள்ளும். அதனால்தான் பிள்ளை 'ஹி டோல்ட் தட் ஐ வில் கம் டுமாரோ' என்று எழுதுகிறது. ஆங்கிலக்காரருக்கு இதில் வருகிறவன் அவனில்லை, எழுதுகிறவன். ஆனால் தமிழிலேயே இன்னொரு முறையும் உண்டு: 'தான் மறுநாள் வருவதாக அவன் சொன்னான்'. செய்தித்தாளில் தினமும் வரும் நடை. தமிழ் இலக்கணப் பாடத்தில் இதுதான் அயற்கூற்று. 'நான்' என்பது 'தான்' ஆகிவிட்டது, 'நாளை' என்பது 'மறுநாள்' ஆகிவிட்டது. ஆங்கிலம் கேட்கும் மாற்றங்களில் இரண்டு ஏற்கனவே வந்துவிட்டன. பாக்கி இருப்பது காலம் ஒரு படி பின்னால் போவது. 'வில்' என்பது 'வுட்', 'இஸ்' என்பது 'வாஸ்', 'ஹேஸ்' என்பது 'ஹேட்'. ஆகவே வரிசை இப்படி: முதலில் பேச்சு வாக்கியத்தைத் தமிழ் அயற்கூற்றாக மாற்று, பிறகு ஆங்கிலத்தில் எழுது, கடைசியாகக் காலத்தைப் பின்னால் தள்ளு. 'ஹி செட் தட் ஹி வுட் கம் த நெக்ஸ்ட் டே'. செட், டோல்ட் குழப்பத்துக்கும் வழி உண்டு. தமிழ் வாக்கியத்தில் 'அம்மாகிட்ட', 'என்கிட்ட' என்று ஆள் இருந்தால் டோல்ட். ஆள் இல்லாவிட்டால் செட்.

கேள்வி வாக்கியங்களில் ஒரு வேடிக்கை நடக்கிறது. 'நீ எங்கே போறே?' என்பதில் தமிழ்ச் சொல்வரிசை மாறுவதில்லை. அதனால் ஆறாம் வகுப்பில் பிள்ளை 'வேர் யூ ஆர் கோயிங்' என்று எழுதி அடி வாங்கி, 'வேர் ஆர் யூ கோயிங்' என்று கற்றுக்கொள்ளும். எட்டாம் வகுப்பில் அந்தப் பாடத்தை நம்பி 'ஹி ஆஸ்க்ட் மீ வேர் வாஸ் ஐ கோயிங்' என்று எழுதும், அது தப்பு என்பார்கள். இங்கே சரியானது 'வேர் ஐ வாஸ் கோயிங்'. அயற்கூற்றுக்குள் போன கேள்வி கேள்வியாக இருப்பதில்லை, தமிழ் வரிசைக்கே திரும்பிவிடுகிறது. இதைப் பிள்ளையிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆங்கிலத்துக்கு ஒழுங்கே கிடையாது என்ற முடிவுக்கு வந்துவிடும். 'வரியா?' போன்ற கேள்வியின் 'ஆ', அயற்கூற்றில் 'இஃப்' அல்லது 'வெதர்' ஆகும். 'ஆஸ்க்ட் தட்' என்று எங்கேயும் வராது.

எ, ஆன், த என்னும் ஆர்ட்டிக்கிள் தமிழிலும் இல்லை, இந்தியிலும் இல்லை. இருந்தாலும் 'ஒரு', 'அந்த' இரண்டும் பாதித் தூரம் கூட வரும். ஒரு நாய் வந்தது, அந்த நாய் என்னைப் பார்த்தது: முதல்முறை 'எ', இரண்டாம்முறை 'த'. 'எங்க அப்பா டாக்டர்' என்னும்போது தமிழில் 'ஒரு' வராது, ஆங்கிலத்தில் 'எ டாக்டர்' வேண்டும். தொழில் பெயர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லிக்கொடுங்கள். எ, ஆன் இரண்டில் எது என்பதற்குச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்ப்பது நல்ல வழி. முதல் எழுத்து உயிராக இருந்தால் ஆன்: ஆன் அவர் (மணி நேரம்), ஆன் எம்.எல்.ஏ., ஆன் அம்ப்ரெல்லா. உயிர்மெய்யாக இருந்தால் எ: எ யூனிவர்சிட்டி, எ யூரோப்பியன். இது காலை வாரும் இடம் 'ஒன்'. நாம் எழுதுவது ஒன், ஆங்கிலத்தில் உச்சரிப்பது 'வன்'. ஆகவே 'எ ஒன்-வே ரோடு'.

ப்ரெப்போசிஷனை விதியாகப் படிப்பதில் பயன் குறைவு. பையில், சுவரில், பஸ் ஸ்டாப்பில், மெட்ரோவில் வந்தேன் என்று நமக்கு எல்லாம் ஒரே 'இல்'. ஆங்கிலத்தில் இன், ஆன், அட், பை. சொல்லோடு சேர்த்தே மனப்பாடமாக வேண்டும்: குட் அட், அஃப்ரெய்ட் ஆஃப், ஆங்க்ரி வித், டிபெண்ட் ஆன், இன்ட்ரஸ்டட் இன். ஒன்றும் சேராதவையும் உண்டு. டிஸ்கஸ், ரீச், என்டர், மேரி நான்கும் அப்படி. 'அதைப் பற்றி'யின் 'பற்றி'தான் 'டிஸ்கஸ் அபௌட்' ஆக வந்து உட்காருகிறது. ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம்.

இனி வாசிப்பு. பாடத்தில் இல்லாமல் பரீட்சையில் புதிதாகக் கொடுக்கும் அன்சீன் பாசேஜில் மார்க் போவது பெரும்பாலும் கதை புரியாததால் இல்லை, கேள்வி எந்த வகை என்று தெரியாததால். விடை வரியிலேயே இருக்கும் கேள்வி ஒரு வகை. விடையை வரிகளுக்கிடையில் தேட வேண்டிய கேள்வி இன்னொரு வகை. 'கதவைத் திறந்து உள்ளே வந்த மீரா குடையை உதறி மூலையில் சாய்த்தாள்' என்ற பொருளில் ஒரு வரி, வெளியே வானிலை எப்படி இருந்தது என்று கேள்வி. மழை என்ற சொல் எங்கும் இருக்காது. வரியில் உள்ள சான்று ஒன்று, நமக்குத் தெரிந்தது ஒன்று, இரண்டையும் சேர்த்தால்தான் விடை. பயிற்சியின்போது விடைக்குப் பக்கத்தில் சான்றுள்ள வரியின் எண்ணை எழுதச் சொல்லுங்கள். வரி எண் போட முடியாத விடை, பிள்ளை தன் தலையிலிருந்து எடுத்த விடை. மெயின் ஐடியா கேள்வியில் வேறு தவறு நடக்கும்: முதல் வரியில் உள்ள தகவலையே தேர்ந்தெடுத்துவிடுவார்கள். நான்கு ஆப்ஷனில் எது எல்லாப் பத்திகளுக்கும் பொருந்துகிறது என்று ஒவ்வொரு பத்தியிலும் விரல் வைத்துப் பார்த்தால் தப்பானவை விழுந்துவிடும். சொற்பொருள் கேள்வியில், தேர்ந்த பொருளை வாக்கியத்தில் போட்டு முழுதாக வாசிக்க வேண்டும். மெட்ரோவைப் பற்றிய பாசேஜில் 'ஃபைன்' என்று வந்தால் அது நலமா, அபராதமா என்பதை வாக்கியம்தான் சொல்லும்.

நீண்ட வாக்கியத்தில் பிள்ளை நின்றுவிடுகிறதா? காரணம் ஹூ, விச் போன்ற சொற்களாக இருக்கலாம். நாம் 'நேத்து ரயில்ல எதிர்ல உட்கார்ந்திருந்த பாட்டி' என்று அடையை எல்லாம் முன்னால் வைத்துப் பாட்டியைக் கடைசியில் சொல்வோம். ஆங்கிலம் பாட்டியை முதலில் சொல்லிவிட்டுப் பின்னால் விளக்கும். 'ஹூ'விலிருந்து அந்த விளக்கம் முடியும் இடம்வரை பென்சிலால் அடைப்புப் போட்டு, மீதியை மட்டும் முதலில் வாசித்தால் எழுவாயும் பயனிலையும் கண்ணுக்குத் தெரியும்.

கவிதைப் பாடத்துக்குத் தமிழ் படிக்கும் பிள்ளைக்குப் பெரிய கைம்முதல் இருக்கிறது. தில்லியில் தமிழ்க் கல்விக் கழகத்தின் 7 பள்ளிகளில் படிப்பவர்களுக்கு உவமையும் உருவகமும் பாடத்திலேயே வருபவை. மதிபோன்ற முகம் சிமிலி, முகமாகிய மதி மெட்டஃபர். 'லைக்', 'ஆஸ்' கண்டவுடன் சிமிலி என்று எழுதிவிடும் பழக்கத்துக்கு, அந்த இடத்தில் 'போல' போட்டுப் பார்ப்பதுதான் மருந்து. 'ஐ லைக் மேங்கோஸ்' என்பதில் போல நிற்காது. அலிட்டரேஷனை மோனை என்று சொல்லிக்கொடுக்கலாம், ஒரு எச்சரிக்கையோடு. நமக்குச் சொல்லின் முதல் எழுத்து ஒன்றாக இருந்தால் ஒலியும் பெரும்பாலும் ஒன்றாக இருக்கும். ஆங்கிலத்தில் 'சிட்டி'யும் 'கேட்'டும் ஒரே 'சி' எழுத்தில் தொடங்கினாலும் மோனை இல்லை; 'கைட்'டும் 'கேட்'டும் வேறு எழுத்து, ஆனால் மோனை உண்டு. கண்ணை மூடிக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். உயிரற்றதை மனிதராகக் காட்டும் பெர்சானிஃபிகேஷனைத் தற்குறிப்பேற்ற அணி என்று சொல்லாதீர்கள். தற்குறிப்பேற்றம் இயல்பாக நடப்பதற்குக் கவிஞர் தாமாக ஒரு காரணம் ஏற்றிச் சொல்வது. சில வரிகளில் இரண்டும் சேர்ந்து வரும் என்பதால் குழப்பம் நீண்டுவிடும். தமிழைப் பாடமாக எடுக்காத பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் தெரியாவிட்டாலும் காதால் கேட்டே இவ்வளவையும் செய்யலாம்.

எழுத்துக்கு, வாரம் மூன்று முறை 100 சொல்லில் ஒரு பத்தி. ஏழெட்டு வாக்கியம் வரும். முதல் வாக்கியம் ஒரு கருத்தைச் சொல்ல வேண்டும், அடுத்தவை அதற்குக் காரணமும் உதாரணமும் தர வேண்டும். 'மை ஹாபி இஸ் ரீடிங்' என்று தொடங்கி நான்காம் வாக்கியத்தில் தங்கையின் டான்ஸ் கிளாஸுக்குப் போய்விடும் பத்திகளே அதிகம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் 'முதல் வரிக்கு இது ஏன்?' என்று கேட்டு, பதில் இல்லாததை அடிக்கச் சொல்லுங்கள். எழுதிய பிறகு திருத்துவதற்கு மூன்று வாசிப்பு வேண்டும், ஒவ்வொன்றும் ஒரே ஒரு விஷயத்துக்கு. முதலில் வினைகள் மட்டும், அடுத்து நவுன்களின் முன்னாலுள்ள ஆர்ட்டிக்கிள் மட்டும், கடைசியில் கேப்பிட்டல் லெட்டரும் முற்றுப்புள்ளியும். மூன்றாவதைக் கடைசி வாக்கியத்திலிருந்து முதல் வாக்கியத்துக்குப் பின்னோக்கி வாசித்தால், அர்த்தத்தில் மனம் போகாமல் கண் எழுத்தில் நிற்கும். லெட்டர், நோட்டீஸ் வடிவங்களை ஒரு நாளில் பார்த்துவிடலாம், அவை மனப்பாடம்தான்.

ஒரு நாள் வேலை 45 நிமிடத்தைத் தாண்டக்கூடாது: நேற்றைய தவறில் 10, புதியதில் 20, வாசிப்பிலோ எழுத்திலோ 15. கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சி முழுவதும் சரி, கட்டுரையில் அதே தவறு என்று பலர் சொல்வதுண்டு. நிரப்பும்போது பிள்ளை ஒரு இடத்தை மட்டும் கவனிக்கிறது. எழுதும்போது கதை, ஸ்பெல்லிங், கையெழுத்து எல்லாம் ஒன்றாக வருகின்றன. அதனால் படித்த அன்றே நிரப்பு, மறுநாள் சொந்த வாக்கியம் ஐந்து, ஏழாம் நாள் பத்திக்குள் அதைப் பயன்படுத்து என்று தள்ளித்தள்ளிப் போடுங்கள். பத்தியில் இந்த வாரத் தவறை மட்டும் சிவப்பில் திருத்துங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். பக்கம் முழுக்கச் சிவந்துபோனால் அடுத்த முறை பிள்ளை தப்பே வராத சின்னச் சின்ன வாக்கியமாக எழுதும், வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும்.

படிக்க நல்ல புத்தகம் வேண்டும். பகதூர் ஷா ஜஃபர் மார்கில் 1957இல் கார்ட்டூனிஸ்ட் சங்கர் தொடங்கிய சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் இருக்கிறது. தரியாகஞ்ச் நடைபாதையிலிருந்து 2019இல் மகிளா ஹாட்டுக்கு மாறிய ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தையில் பழைய புத்தகம் மலிவாகக் கிடைக்கும். ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் ஐந்தைத் தாண்டினால் அந்தப் புத்தகத்தை அடுத்த வருடத்துக்கு வைத்துவிடலாம்.

எட்டாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை என்றால் ஒரு விதியையும் தெரிந்து வைத்திருங்கள். 2024 டிசம்பரில் மத்திய அரசு கல்வி உரிமை விதிகளைத் திருத்தியது. 5, 8 வகுப்புகளின் ஆண்டுத் தேர்வில் தேறாதவர்களுக்கு இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு. அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பில் நிறுத்திவைக்கலாம். கேந்திரிய வித்யாலயா போன்ற மத்திய அரசுப் பள்ளிகளுக்கு இது பொருந்தும். எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை பள்ளியிலிருந்து நீக்கக்கூடாது என்றும் அதே விதி சொல்கிறது, ஆகவே இதைச் சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்த வேண்டாம்.

ஜூன் கடைசி வாரத்தில் அதே ரயில் பயணத்தைப் பற்றி அதே 150 சொல், அதே 20 நிமிடம். முதல் தாளைப் பக்கத்தில் வைத்து, குறித்துவைத்த நான்கைந்து குடும்பத் தவறுகளை மட்டும் இரண்டிலும் எண்ணச் சொல்லுங்கள். எண்ணுவது பிள்ளையாக இருக்கட்டும். குறையாமல் நிற்கும் குடும்பம் எதுவோ, அதிலிருந்து இரண்டு வாக்கியங்களைப் புது இங்கிலீஷ் நோட்டின் முதல் பக்கத்தில், நான்கு பத்தித் தாளின் தமிழ் வாக்கியத்தோடு சேர்த்து, ஜூலையில் பள்ளி திறக்குமுன் எழுதிவைத்துவிடலாம்.